அம்மா செத்துட்டாங்க என்று ஓடிய மத்தியானம்

போன மாதம் யோகா வகுப்பு முடிந்து, அவரவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது நான் ஒரு கதை சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது வயதில், எங்கள் அம்மா சவாசனத்தில் படுத்திருந்ததைப் பார்த்து, செத்துப்போய்விட்டாள் என்று பயந்து, அப்பாவின் ஆபீசுக்கு அழுதுகொண்டே ஓடினேன் என்று சொன்னேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். தபால் ஆபீசில் ரிட்டயர் ஆனவருக்குப் புரையேறிவிட்டது. நமக்குச் சொல்லிக்கொடுக்கும் தம்பி, "இதை ஆண்டு விழாவுல மைக்ல சொல்லுங்கம்மா, எல்லாரும் ரசிப்பாங்க" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மைக்கில் சொல்ல மாட்டேன். அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்யாணம், கிறிஸ்துமஸ் என்று நாலு பேர் கூடினால் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். நானும் கூடவே சிரித்துவிட்டு, காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். திருத்தியதே இல்லை. உங்களுக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது, எனக்கும்தான். உங்களிடமாவது நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன்.

எங்கள் எஸ்டேட் குன்னூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இறங்கி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மேலே ஏறினால் எங்கள் குவார்ட்டர்ஸ். அப்பா எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை கீழே சர்ச்சில் சபை மூப்பர். இரண்டு இடத்திலும் ஒரே கோட்டைத்தான் போட்டுக்கொள்வார், ஒரே குரலில்தான் பேசுவார்.

அம்மாவுக்கு இடுப்புவலி. எனக்குப் பின்னால் ஒரு தம்பி பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டான். அதிலிருந்து வந்த வலி என்று சொல்வார்கள். விறகைத் தூக்கினால் வலி, குடத்தைச் சாய்த்தால் வலி. ராத்திரி ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி முதுகுக்குக் கொடுத்துப் படுப்பாள். அந்தப் பையின் வாசனை, சூடான ரப்பரும் துணி உறையும் கலந்த ஒரு வாசனை, இன்றைக்கும் எந்த மருந்துக் கடையிலாவது அடித்தால் நான் கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொள்வேன். ஏனென்றால் வலி கூடினால் அம்மாவுக்குக் கோபமும் கூடும். கையில் அகப்பை இருந்தால் அகப்பையால் அடி விழும், இல்லாவிட்டால் கையால். அடித்த பிறகு கும்முட்டி அடுப்பின் பக்கத்தில் உட்கார வைத்து, கனலில் குளிர் காயச் சொல்லி, சர்க்கரை போட்ட ரொட்டி கொடுப்பாள். அடியும் ரொட்டியும் சேர்ந்ததுதான் எனக்கு அம்மா. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

நான் சொல்வது ஒரு பனிக்காலத்தை. அந்த வருடம் உறைபனி கடுமையாக விழுந்து தேயிலை முழுக்கக் கருகிவிட்டது. காலையில் பார்த்தால் சரிவெல்லாம் உப்புக் கொட்டிய மாதிரி வெள்ளை, பத்து மணிக்குப் பார்த்தால் தீ வைத்த மாதிரி பழுப்பு. கொழுந்து இல்லாததால் ஃபேக்டரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஓடியது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லீவு அப்போதுதான். நான் நாள் முழுக்க அம்மாவின் காலடியிலேயே கிடந்தேன்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் அப்போது புதிதாக ஒரு நர்ஸம்மா வந்திருந்தார். கோயமுத்தூர்ப் பக்கம். தாய் தகப்பன் இறந்துபோய், தனியாக இருந்தார். மெலிந்த உடம்பு, நடந்தால் சத்தமே கேட்காது. அம்மாவுக்கு ஊசி போட வாரம் இரண்டு முறை வருவார். ஒருநாள் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டே சொன்னார்.

"ஏனுங்க அக்கா, ஊசி போட்டுட்டே இருந்தா இடுப்பு ஊசிக்குப் பழகிக்குமுங்க. நான் சின்னதுல ஒரு ஆசிரமத்துல கொஞ்சம் ஆசனம் கத்துக்கிட்டனுங்க. ஒரு மாசம் செஞ்சு பாக்கறீங்களா?"

அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். "ஊட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாருங்க, நர்ஸம்மா. கோயில் சமாச்சாரம்னு சொல்லிப்போடுவாரு."

"நீங்க ஏசு பேரைச் சொல்லிக்கிட்டே குனிஞ்சாலும் இடுப்பு வளையுமுங்க" என்றார் நர்ஸம்மா.

அம்மா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பிலேயே எனக்கு நர்ஸம்மாவைப் பிடிக்காமல் போய்விட்டது.

மறுநாளிலிருந்து தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு நர்ஸம்மா வருவார். சமையலறைக்குப் பின்னால் அரிசி மூட்டை வைக்கும் சிறிய அறை ஒன்று இருந்தது. அதில் அம்மா தன் கல்யாணத்துக்கு வந்த பவானி ஜமுக்காளத்தை விரிப்பாள், நீலமும் சிவப்புமாகப் பட்டை போட்டது. புடவை தடுக்குகிறது என்று அப்பாவின் பழைய கம்பளி பேன்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, இடுப்பில் பாவாடை நாடாவைக் கட்டிக்கொள்வாள். மேலே அப்பாவின் சட்டை. என்னிடம், "வெளிய போயி வெயில்ல உக்காரு கண்ணு. மூணு மணி வரைக்கும் கூப்பிடாத" என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

அந்த அறையின் ஜன்னல் கதவு பலகையில் செய்தது. ஒரு பலகையில் மரத்தின் கண் விழுந்து ஓட்டையாக இருந்தது. என் உயரத்துக்குச் சரியாக இருக்கும். நான் எங்கே போயிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

தினமும் பார்த்தேன். அம்மா காலை நீட்டிக் குனிவாள், குப்புறப் படுத்துத் தலையைத் தூக்குவாள். நர்ஸம்மா முதுகில் கையை வைத்து, "மூச்சு விடுங்க அக்கா, போதும், இன்னைக்கு இவ்வளவுதான் வரும்" என்பார். கடைசியில் அம்மா மல்லாந்து படுப்பாள். உள்ளங்கை இரண்டும் மேலே பார்த்திருக்கும். நர்ஸம்மா தலைமாட்டில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்வார். நம் வகுப்பில் தம்பி "வலது கால் தளர்கிறது" என்கிறாரே, நர்ஸம்மாவின் சொல் வேறு. "வலது கால் செத்துப் போச்சு. இடது கால் செத்துப் போச்சு. வயிறு செத்துப் போச்சு. மூஞ்சி செத்துப் போச்சு." முதல் நாள் கேட்டபோது நிஜமாகவே பயந்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை முடிந்துகொண்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

மூன்று மாதத்தில் அம்மா வேறு ஆளாகிவிட்டாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் முன்பெல்லாம் வீடே அதிரும். இப்போது, "போகட்டும்" என்பாள். அப்பா சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால், "போட்டுக்கோங்க" என்று ஜாடியை நகர்த்துவாள். விறகை நிமிர்ந்து தூக்கினாள். அகப்பை குழம்பில் மட்டும் இருந்தது.

நீங்கள் நினைப்பீர்கள், குழந்தைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வயிற்றெரிச்சல். கோபப்படும் அம்மாவை எனக்குத் தெரியும், எங்கே தொட்டால் எது வரும் என்று தெரியும். இந்த அம்மா என்னைக் கவனிக்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. சோதித்துப் பார்க்க ஒருநாள் தண்ணீர் வைக்கும் கண்ணாடி ஜாடியை வேண்டுமென்றே கீழே போட்டேன். பச்சைக் கண்ணாடி, கழுத்தில் பூ வேலை செய்தது, அம்மாவுக்கு அவள் அண்ணன் கொடுத்தது. அம்மா ஓடி வந்தாள். நான் முதுகைக் காட்டி நின்றேன். "தள்ளி நில்லு கண்ணு, கால்ல குத்திக்கப் போற" என்று சொல்லிவிட்டுக் கூட்டிப் பெருக்கினாள். அடி விழவில்லை, அதனால் ரொட்டியும் இல்லை. அன்றைக்குப் பின்பக்கம் போய் அழுதேன்.

அடுத்த வாரம் அந்த மத்தியானம் வந்தது. ஓட்டையில் கண்ணை வைத்து நின்றிருந்தேன். அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். நர்ஸம்மா எல்லா உறுப்பையும் வழக்கம்போலச் சாகடித்துவிட்டு, அன்றைக்குப் புதிதாக ஒன்று சொன்னார்.

"இப்ப யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க அக்கா. கூப்பிட்டாலும் நீங்க போக வேண்டியதில்லீங்க."

அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. அந்த 'யாரும்' என்பது நான்தான் என்று எனக்குப் பட்டது. உடனே ஓட ஆரம்பித்தேன்.

ஆபீசுக்குக் குறுக்குப் பாதையில் இறங்கினால் ஐந்து நிமிடம். பாதி வழியில் ஒரு வளைவு வரும். அங்கே நின்றேன். அழுகை வரவில்லை. கண்ணைக் கசக்கி, மூக்கை உறிஞ்சி, "அம்மா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். குரல் சரியாக இல்லை. இன்னொரு முறை சொன்னேன். திரும்பிப் போவதற்கு அப்போதும் நேரம் இருந்தது. நீங்கள் சிரித்த கதையில் இந்த வளைவு வரவே வராது.

ஆபீஸ் வாசலில் அப்போது கொழுந்து நிறுக்கும் நேரம். பனிக்காலத்துக் கொழுந்துதான், கூடையின் அடியில் கிடக்கும், ஆனாலும் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அப்பா நோட்டுப் புத்தகத்தோடு தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அப்பா, அம்மா செத்துட்டாங்க."

அப்பாவின் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. புத்தகத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடினார். ஒரு காலில் செருப்பு கழன்றுவிட்டது, நிற்கவில்லை. அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வழி முழுக்க அம்மாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடினார். அவர் பின்னால் ஃபேக்டரி ஆட்கள், கூடையோடு பெண்கள், எல்லோருக்கும் பின்னால் நான்.

அந்த அறை உள்ளே தாழிட்டிருந்தது. அப்பா தோளால் இடித்தார். நர்ஸம்மா எழுந்து திறப்பதற்குள், மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்து வந்தது. ஜமுக்காளத்தின் மேல் அம்மா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள், அப்பாவின் பேன்ட்டில், அப்பாவின் சட்டையில், தலை அவிழ்ந்து. வாசலில் முப்பது பேர் நின்று பார்த்தார்கள்.

கூட்டத்தில் ஒரு பெண் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள். "பாருங்கடி, தொரசாணி கால்சட்டை" என்றாள். அந்தச் சிரிப்பு எல்லோரையும் தொற்றிக்கொண்டது.

அப்பா பயந்த பயமெல்லாம் அந்தச் சிரிப்பில் கோபமாக மாறிவிட்டது என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கோபம் மட்டும்தான். நர்ஸம்மாவைப் பார்த்துக் கேட்டார். "சபை மூப்பர் ஊட்டுல வந்து, உசிரோட இருக்கறவளைப் பொணமாட்டப் படுக்க வெச்சிருக்கறீங்களா?"

"மூச்சு விடறதுக்குத்தானுங்க சொல்லிக் கொடுத்தேன்" என்றார் நர்ஸம்மா.

"இவ்வளவு நாளா அவ மூச்சு விடாமயா இருந்தா?"

நர்ஸம்மா தன் பையை எடுத்துக்கொண்டு, கூட்டம் விட்ட வழியில் தலைகுனிந்து போனார்.

அம்மா எழுந்து நேராக என்னிடம் வந்தாள். அத்தனை பேருக்கு முன்னால் மண்டிபோட்டு, சட்டைக் கையால் என் கன்னத்தைத் துடைத்தாள். "அழுகாத கண்ணு. அம்மா இருக்கேன்" என்றாள். என் கன்னம் காய்ந்திருந்தது. ஏறி ஓடி வந்ததில் நான் அழுவதற்கு மறந்திருந்தேன். இரண்டு கன்னத்தையும் நன்றாகத் துடைத்தாள்.

பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நர்ஸம்மா எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. கோடை வருவதற்குள் அவரைத் தேவர்சோலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கடிதத்தை டைப் அடித்தவர் அப்பாதான், ஹெட் கிளார்க் அவர்தானே. நர்ஸம்மா சொல்லிக்கொண்டு போக வாசல் வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை. அப்பா பேன்ட்டை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டார். ஜமுக்காளம் மடித்துப் பெட்டிக்குள் போனது, பூச்சி அரித்து எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார்கள். வெந்நீர்ப் பை திரும்பி வந்தது. அகப்பையும்தான். முதல் அடி விழுந்த அன்று கும்முட்டி பக்கத்தில் உட்கார்ந்து சர்க்கரை ரொட்டியைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐம்பது வயதில் அம்மா இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் நடப்பாள். அறுபதில் கூன் விழுந்துவிட்டது. நடுவில் அப்பா இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடச் சொன்னார். "அம்மா மேல அவ்வளவு உசிருங்க இவளுக்கு." மாப்பிள்ளை வீட்டார் உருகிப் போனார்கள். தட்டில் இருந்த முறுக்கை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா, "ஆமாங்க, நல்லா ஓடுவா" என்று மட்டும் சொன்னாள்.

நான் இந்த வகுப்புக்கு வந்தது முட்டிவலிக்காக என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். குன்னூர் டீ ஆபீசில் முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்த முட்டி. ஆனால் இரண்டாவது மாதம் ஒரு காலையில், வகுப்பின் கடைசியில் மல்லாந்து படுத்திருந்தபோது, அது நடந்தது. உங்களில் சிலருக்கும் நடந்திருக்கும், என் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுபவரைத் தவிர. உடம்பு தரையில் இருந்தது, ஆனால் பாரம் இல்லை. மருமகளோடு முந்தின நாள் போட்ட சண்டை, பென்ஷன் ஆபீசில் அலைந்தது, என் வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் கிடக்கும் அமைதி, எல்லாம் இருந்தன, ஆனால் அதனதன் அளவுக்குச் சிறுத்துப் போய்த் தள்ளி நின்றன. எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இதுதான் நிறைவு போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த மூச்சில் இன்னொன்று தெரிந்தது. அந்த ஓட்டை வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். இதைத்தான் அம்மாவிடமிருந்து பிடுங்கி எறிந்திருக்கிறேன். அன்றைக்குக் கண்ணில் தூசி என்று உங்களிடம் சொன்னேன்.

அதிலிருந்து தினமும் அந்த நிறைவு வருகிறது, பின்னாலேயே வெட்கமும் வருகிறது. சேர்ந்தே வருவதால் எனக்குப் பழகிவிட்டது.

அம்மா கடைசி இரண்டு வருடம் என்னோடுதான் இருந்தாள். அவளால் மல்லாந்து படுக்க முடியாது, கூன் விடாது. ஒருக்களித்துத்தான் படுப்பாள். ஒருநாள் காலை நான் வகுப்பிலிருந்து வந்து யோகா பாயைச் சுருட்டி மூலையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கஞ்சி கொடுக்க உட்கார்ந்தேன்.

"நீ அந்த ஜன்னல் ஓட்டையில நின்னு பாப்பியே கண்ணு" என்றாள்.

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"உன் கண்ணு தெரியும். நர்ஸம்மா துணி வெச்சு அடைக்கட்டுமான்னாங்க. நாந்தான் வேண்டாம்னேன். புள்ள தெனமும் பாக்குது, பாத்துப் பழகட்டும், பெருசானா அதுவும் செய்யட்டும்னேன்."

தினமும் பார்த்தவள் ஒருநாள் திடீரென்று எப்படிப் பயந்தாள் என்று அம்மா கேட்கவில்லை. ஐம்பது வருடமாகக் கேட்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். "அம்மா, நான் வேணும்னேதான்" என்று ஆரம்பித்தேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தை ஒரு விரலால் நகர்த்தினாள்.

"அதை விடு. நான் கேக்கறது வேற. கடைசில படுக்க வெப்பாங்களே, அப்ப உடம்பு இருக்குதா இல்லையான்னே தெரியாம, எதுவும் வேண்டாம்னு ஒண்ணு வரும். உனக்கு அது வருதா?"

என் முகத்தையே பார்த்தாள். அந்தக் கண்ணில் ஆசை இருந்தது. அவளிடமிருந்து பிடுங்கியதை நான் தினமும் அனுபவிக்கிறேன் என்று அந்த முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று கூசியது. அவளுக்கு நல்லது செய்வதாகக்கூட ஒரு நினைப்பு.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா. சும்மா முட்டிக்குத்தான். டாக்டர் சொன்னாருன்னு போறேன்" என்றேன்.

"வரலையா?"

"இல்லீங்க."

"பாவம்" என்றாள். பிறகு, "எனக்கு வந்துச்சு கண்ணு. மூணு மாசம் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கஞ்சிக்கு வாயைத் திறந்தாள்.

அந்த மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். எனக்கு அது வரவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனாள்.